1641 அயர்லாந்துக் கிளர்ச்சி: குடியேறிகள் கொல்லப்பட்டது பற்றிய வாக்குமூலங்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

கயல்விழி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலை வரலாறு பயில்கிறேன். 1641 அக்டோபரில் அயர்லாந்தின் அல்ஸ்டர் மாகாணத்தில் கத்தோலிக்கர்கள் தொடங்கிய கிளர்ச்சியைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்து குடியேறியிருந்த புராட்டஸ்டன்ட் மக்கள் அப்போது கொல்லப்பட்டார்கள் என்பது எல்லா நூல்களிலும் இருக்கிறது. ஆனால் எத்தனை பேர் என்று பார்க்கப் போனால் தலை சுற்றுகிறது. ஒரு பழைய ஆங்கில நூல் 3 இலட்சம் என்கிறது; அண்மைக்கால ஆய்வுக் கட்டுரை ஒன்று சில ஆயிரங்கள் என்கிறது; அயர்லாந்துத் தேசியவாதச் சார்புடைய இன்னொரு நூலோ, படுகொலை என்று சொல்லத்தக்க எதுவும் நடக்கவில்லை, எல்லாம் ஆங்கிலேயர் கட்டிவிட்ட கதை என்று முடித்துவிடுகிறது.

எனக்கு இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. முதலாவது, இந்தச் செய்திகளுக்கெல்லாம் மூலமாகக் காட்டப்படும் வாக்குமூலங்களைத் திரட்டியவர்கள் கிளர்ச்சியாளர்களின் எதிரிகளே என்னும்போது, அவற்றை ஒரு மாணவி எந்த அளவுக்குச் சான்றாகக் கொள்ளலாம்? இரண்டாவது, கிளர்ச்சியின் தலைவர் ஃபெலிம் ஓ'நீல் 1641 அக்டோபர் 24 அன்று டங்கனனில் வெளியிட்ட அறிக்கையில், அரசருக்கோ ஆங்கிலேய, ஸ்காட்டிஷ் குடிமக்களுக்கோ தீங்கு செய்வது எங்கள் நோக்கமன்று என்று தெளிவாக அறிவித்திருக்க, அடுத்த மாதமே போர்ட்டடவுன் பாலத்தில் பெண்களும் குழந்தைகளும் ஆற்றில் தள்ளப்பட்டது எப்படி நேர்ந்தது? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


ஏட்டுச்சுவடி (மறுமொழி 1):

வணக்கம் கயல்விழி. முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடலாம். 3 இலட்சம் என்ற எண்ணைப் பரப்பியது, டப்ளினிலிருந்து அயர்லாந்தை ஆண்ட ஆங்கிலேய அரசில் உயர் பதவி வகித்த ஜான் டெம்பிள் 1646ல் வெளியிட்ட நூல். அவருடைய வாசகத்தைக் கூர்ந்து படித்தால், கொல்லப்பட்டவர்கள், வேறு வகையில் மாண்டவர்கள், வீடுவாசலை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் ஆகிய மூன்று வகையினரையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் அந்த எண்ணை அவர் சொல்கிறார் என்பது புலப்படும். அவருக்குப் பின் எழுதியவர்கள் பலர் இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு, 3 இலட்சம் பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள் என்று எழுதினார்கள். அன்று அயர்லாந்து முழுவதிலும் இருந்த புராட்டஸ்டன்ட் மக்களின் தொகையே அவ்வளவு இல்லை.

அயர்லாந்தில் நில அளவை நடத்திய வில்லியம் பெட்டி 1672ல் எழுதியபோது முதல் ஓராண்டில் கொல்லப்பட்டவர்கள் 37,000 என்று மதிப்பிட்டார். 1767ல் ஃபெர்டினாண்டோ வார்னர், வாக்குமூலங்களையே எடுத்துவைத்துப் படித்து, கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 4,000, பசியாலும் குளிராலும் கொடுமையாலும் மாண்டவர்கள் ஏறத்தாழ 8,000 என்ற முடிவுக்கு வந்தார். இன்றைய ஆய்வாளர்களின் மதிப்பீடுகளும் பெரும்பாலும் இதை ஒட்டியே அமைகின்றன. மிகக் கொடிய நிகழ்வுகள் நடந்த அர்மா மாவட்டத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்த ஹிலரி சிம்ஸ், அங்கே கொல்லப்பட்டவர்கள் குறைந்தது 527, கூடியது 1,259 என்று கணக்கிட்டார். ஒரு மாவட்டத்துக்கே இவ்வளவு அகலமான இடைவெளி இருக்கிறது என்பதை உங்கள் கட்டுரையில் மறைக்காமல் எழுதுங்கள். ஒரே ஊரில் ஒரே நாளில் நடந்ததை ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்லும்போது, அது ஒரு நிகழ்வா, ஐந்து நிகழ்வுகளா என்று முடிவு செய்வது எளிதான வேலையன்று.

வாக்குமூலங்களுக்கு வருகிறேன். 1641 டிசம்பர் 23 அன்று கில்மோர் மறைமாவட்டத்தின் முதன்மைக் குரு ஹென்றி ஜோன்ஸ் தலைமையில் எட்டு புராட்டஸ்டன்ட் குருக்கள் அடங்கிய ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்கு முதலில் தரப்பட்ட வேலை, டப்ளினுக்கு ஓடிவந்த அகதிகள் இழந்த சொத்துகளைச் சத்தியத்தின் பேரில் பதிவு செய்வது. கொலைகளைப் பற்றியும் விசாரிக்கும்படி அடுத்த மாதம் அதன் அதிகாரம் விரிவாக்கப்பட்டது. இந்த வரிசையைக் கவனியுங்கள். கொலைக்கதைகளைத் திரட்டுவதற்கென்றே தொடங்கப்பட்ட முயற்சியாக அது இருந்திருந்தால், ஆயிரக்கணக்கான பக்கங்கள் பசு எத்தனை, குதிரை எத்தனை, களத்தில் விட்டுவந்த தானியம் எவ்வளவு, வரவேண்டிய கடன் எவ்வளவு என்ற பட்டியல்களாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. பிற்காலத்தில் எடுக்கப்பட்டவற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 8,000 வாக்குமூலங்கள், 31 தொகுதிகளாக, 1741 முதல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. 2010ல் அவை முழுவதும் இணையத்தில் ஏற்றப்பட்டன. நீங்கள் இருந்த இடத்திலிருந்தே படிக்கலாம்.

அதே நேரத்தில், ஜோன்ஸ் 1642லேயே அவற்றிலிருந்து கொடூரமான பகுதிகளைத் தேர்ந்தெடுத்து இலண்டன் நாடாளுமன்றத்தின் முன் வைத்தார். அகதிகளுக்கு நிதி வேண்டும், கிளர்ச்சியை அடக்கப் படை வேண்டும் என்பதே நோக்கம். இழப்பீடு எதிர்பார்த்துச் சொத்தைக் கூட்டிச் சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். ஆகவே தொகுப்பு முழுவதையும் ஒட்டுமொத்தமாக ஏற்பதோ ஒட்டுமொத்தமாகத் தள்ளுவதோ கூடாது. ஒவ்வொரு வாக்குமூலத்திலும் சொல்பவர் தமக்கு நேர்ந்ததைச் சொல்லும் பகுதி எது, கண்ணால் கண்டதைச் சொல்லும் பகுதி எது, பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்லும் பகுதி எது என்று வரிவரியாகப் பிரிக்க வேண்டும். பெரும்பாலான வாக்குமூலங்களில் அந்த வேறுபாடு எழுத்திலேயே தெளிவாக இருக்கிறது. மிகக் கொடூரமான செய்திகளில் பல, கேள்விப்பட்டதாகச் சொல்லும் பகுதியில்தான் வருகின்றன.


மாறன் (மறுமொழி 2):

உங்கள் இரண்டாவது ஐயத்தைப் பற்றி எழுதுகிறேன். ஓ'நீல் டங்கனனில் சொன்னதைப் பொய் என்று நான் கருதவில்லை. திட்டம் தீட்டியவர்கள் விரும்பியது விரைவாக முடிகிற ஓர் ஆட்சிக் கைப்பற்றல். ஸ்காட்லாந்து மக்கள் ஆயுதம் ஏந்தி அரசர் முதலாம் சார்லஸிடம் தாங்கள் கேட்டதைப் பெற்றுவிட்டதைக் கண்ட அவர்கள், அதே வழியில் கோட்டைகளைப் பிடித்துவைத்துக்கொண்டு, தங்கள் நிலத்துக்கும் மதத்துக்கும் பாதுகாப்புக் கேட்டுப் பேரம் பேச எண்ணினார்கள். இலண்டன் நாடாளுமன்றத்தில் வலுப்பெற்றுவந்த தீவிர புராட்டஸ்டன்ட்களான பியூரிட்டன்கள் கத்தோலிக்க மதத்தையே அழித்துவிடுவார்கள் என்ற அச்சம் அப்போது உண்மையாகவே பரவியிருந்தது.

திட்டத்தின் தலை டப்ளின் கோட்டை. அதைப் பிடிக்கும் முயற்சி, அக்டோபர் 22 இரவில் ஓவன் ஓ'கானலி என்பவர் செய்தியை அரசுக்குத் தெரிவித்துவிட்டதால் தொடங்கும் முன்பே தோற்றது. அல்ஸ்டரில் மட்டும் அது வெற்றி பெற்றது. அதே இரவு ஓ'நீல், விருந்துண்ண வருவதாகச் சொல்லிச் சார்லமாண்ட் கோட்டைக்குள் புகுந்து அதைக் கைப்பற்றினார். கோட்டைத் தலைவர் கால்ஃபீல்ட் பிரபு அவருக்கு அயலவர். சிறைபிடிக்கப்பட்ட அவர் சில மாதங்களில் காவலில் இருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். ஓ'நீல் கூட ஒன்றுமில்லாதவராகிக் கலகம் செய்தவர் அல்லர். டப்ளினில் கூடிய அயர்லாந்து நாடாளுமன்றத்தின் உறுப்பினர், ஆனால் கழுத்துவரை கடனில் இருந்தவர்.

தலைவர்கள் மூட்டியது ஒரு கலகம். ஊர்ப்புறங்களில் கிளம்பியது வேறொன்று. 1607ல் அல்ஸ்டரின் பிரபுக்கள் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். 1609ல் தொடங்கிய குடியேற்றத் திட்டத்தில் ஆறு மாவட்டங்களின் நிலம் பறிமுதலாகிப் புதியவர்களுக்குப் பங்கிடப்பட்டது. அதன் பிறகு தம் பாட்டன் உழுத நிலத்திலேயே உயர்ந்த குத்தகைக்குக் குடியானவராக இருந்தவர்கள், விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் குடியேறிகளிடம் கடன்பட்டவர்கள் ஆகியோருக்கு, அதிகாரம் சரிந்துவிட்டது என்ற செய்தியே போதுமானதாக இருந்தது. முதல் வாரங்களில் நடந்தது பெரும்பாலும் கொள்ளை. மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, வீடுகள் பறிக்கப்பட்டன, கடன் பத்திரங்கள் அழிக்கப்பட்டன. பல வாக்குமூலங்களில் கொள்ளையடித்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. சொல்ல முடிந்ததற்குக் காரணம், அவர்கள் அதே ஊர்க்காரர்கள், சில இடங்களில் அதே வீட்டில் வேலை செய்தவர்கள்.

கொலைகள் நவம்பரில் பெருகின. கிளர்ச்சிப் படை அல்ஸ்டரின் லிஸ்னகார்வி ஊரைப் பிடிக்க முயன்று பிடிக்க முடியாமல் நவம்பர் 28 அன்று பெருந்தோல்வி அடைந்தது. போரில் தோற்றவர்கள் கையில் சிக்கியிருந்த குடியேறிகள் மீது ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டார்கள் என்பது பல இடங்களில் தெரிகிறது. 1642 மே மாதத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும்: கிளர்ச்சியை அடக்க வந்த ராபர்ட் மன்ரோவின் ஸ்காட்டிஷ் படை நியூரி நகரைக் கைப்பற்றி அங்கே கத்தோலிக்கர்களைக் கொன்றது, அதன் பின்னர் ஓ'நீலின் ஆட்கள் அர்மா நகரைத் தீவைத்து, அங்கே எஞ்சியிருந்த குடியேறிகளைக் கொன்றார்கள். அரசரே தமக்கு ஆணை கொடுத்ததாக ஓ'நீல் நவம்பரில் காட்டிய பத்திரமும் இதற்குத் துணையானது. அது போலியானது என்பதை 1653ல் தூக்குக்குப் போகும் முன் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அது காட்டப்பட்ட நாளில், குடியேறிகளை விரட்டுவது அரசருக்கு எதிரான செயல் அன்று என்று நம்ப அது இடம் கொடுத்தது.


கயல்விழி:

மாறன் ஐயாவுக்கும் ஏட்டுச்சுவடி ஐயாவுக்கும் மிக்க நன்றி. இன்னும் ஒன்று கேட்க வேண்டும். நான் படித்த வாக்குமூலங்களில், கொல்லப்படாதவர்கள் கூட ஆடைகளை முழுவதும் பறிகொடுத்து நிர்வாணமாகத் துரத்தப்பட்டதாகத் திரும்பத் திரும்ப வருகிறது. இது உண்மையா, அல்லது எழுத்தர்கள் வழக்கமாகச் சேர்த்த வாசகமா? அடுத்து, எலிசபெத் பிரைஸ் என்ற பெண்ணின் வாக்குமூலத்தில் பேய் வருகிறது. அதைப் படித்த பிறகு, அவர் சொன்ன மற்றவற்றை எப்படிக் கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.


ஏட்டுச்சுவடி:

ஆடை பறித்தது நடந்ததுதான். வெவ்வேறு மாவட்டங்களிலிருந்து, ஒருவரையொருவர் அறியாதவர்கள், வெவ்வேறு சொற்களில் அதைச் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒரு குடும்பத்தின் கையில் இருந்த விலையுள்ள பொருள்களில் கம்பளி ஆடையும் ஒன்று. பணத்தை ஆடைக்குள் தைத்து மறைத்துக்கொண்டு போவார்கள் என்பதும் பறித்தவர்களுக்குத் தெரியும். நேற்றுவரை தம்மைவிட உயர்ந்திருந்தவர்களை அவமானப்படுத்தும் நோக்கமும் அதில் இருந்தது. ஆனால் அது நடந்த காலத்தை மறந்துவிடக் கூடாது. அந்தக் குளிர்காலம் மிகக் கடுமையானது. மேலே ஒன்றும் இல்லாமல், கைக்குழந்தையோடு, பனியில் நாள்கணக்கில் டப்ளினை நோக்கி நடந்தவர்களில் எத்தனையோ பேர் வழியில் விழுந்தார்கள். நகரத்தை அடைந்த பிறகும் நோயில் மாண்டார்கள். நான் முன்பு சொன்ன கணக்கில், கொல்லப்பட்டவர்களைவிட இப்படி இறந்தவர்களின் தொகை இரு மடங்காக இருப்பது இதனால்தான். கத்தியால் குத்தாமல் ஆடையை மட்டும் உருவிவிட்டு அனுப்பியவர்களையும் அந்தச் சாவுகளுக்குப் பொறுப்பாளிகளாகவே நான் கருதுகிறேன்.

எலிசபெத் பிரைஸைப் பற்றி விரிவாக எழுத வேண்டும். அவர் அர்மாவைச் சேர்ந்தவர். அவருடைய ஐந்து பிள்ளைகள், நூற்றுக்கும் மேற்பட்ட மற்றவர்களுடன், பாதுகாப்பாக இங்கிலாந்துக்கு அனுப்பிவைக்கிறோம் என்ற உறுதிமொழியின் பேரில் அழைத்துச் செல்லப்பட்டுப் போர்ட்டடவுன் பாலத்தில் பான் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டார்கள் என்று அவர் சொல்கிறார். பிறகு, அந்தப் பாலத்தருகே அந்தி வேளையில் தாம் கண்டதையும் சொல்கிறார்: இடுப்புவரை தண்ணீருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் ஒரு பெண் உருவம், விரிந்த தலைமயிர், பனிபோல் வெளுத்த தோல், கூப்பி உயர்த்திய கைகள், அது பழிவாங்கு, பழிவாங்கு என்று திரும்பத் திரும்பக் கத்தியதாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலர் இந்த ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்காட்டி, 8,000 வாக்குமூலங்களும் இப்படிப்பட்ட கட்டுக்கதைகளே என்று வாதிட்டார்கள். அது நேர்மையான வாதமன்று.

போர்ட்டடவுனில் நடந்தது அவருடைய சாட்சியத்தை மட்டும் நம்பி நிற்கவில்லை. வில்லியம் கிளார்க் என்பவர் 1642 சனவரியிலேயே வாக்குமூலம் அளித்துவிட்டார். அவர் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்தவர். ஏறத்தாழ 100 பேர், ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக, லாக்கால் தேவாலயத்தில் அடைத்துவைக்கப்பட்டார்கள். அங்கிருந்து ஏறத்தாழ 6 மைல் தொலைவு ஆற்றங்கரைக்கு ஓட்டிவரப்பட்டார்கள். நடுவில் முறிக்கப்பட்டிருந்த மரப்பாலத்தின் மீது வாளாலும் ஈட்டியாலும் நெருக்கித் தண்ணீருக்குள் தள்ளப்பட்டார்கள். நீந்திக் கரையேற முயன்றவர்கள் அங்கேயே கொல்லப்பட்டார்கள். இவ்வளவையும் அவர் சொல்கிறார். அவர் தம்மிடம் இருந்த பணத்தைக் கொடுத்து உயிர் தப்பியவர். அவருடைய வாக்குமூலத்தில் பேயும் இல்லை, அற்புதமும் இல்லை. வேறு பலரும் இந்நிகழ்வைக் கேள்விப்பட்டதாகச் சொல்கிறார்கள். எண்ணிக்கை மட்டும் ஆளுக்கு ஆள் ஏறிக்கொண்டே போகிறது.

ஆகவே எலிசபெத்தின் சொல்லில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. பிள்ளைகள் அழைத்துச் செல்லப்பட்டது அவருக்கு நேரே தெரிந்தது. அவர்கள் மூழ்கடிக்கப்பட்ட விதம், உயிர் பிழைத்தவர்கள் வழியாக அவருக்கு எட்டியது. அதைக் கிளார்க்கின் சாட்சியம் உறுதி செய்கிறது. ஆற்றில் நின்ற உருவம், அந்த வட்டாரத்தில் அப்போது பரவியிருந்த நம்பிக்கை. ஐந்து பிள்ளைகளை ஒரே நாளில் இழந்த ஒரு தாய் அந்த ஆற்றங்கரையில் அதைக் கண்டதாகச் சொன்னால், அவர் பொய் சொன்னார் என்று எழுத எனக்குக் கை வராது.


நெய்தல் (மறுமொழி 3):

இதுவரை எழுதப்பட்டவை சரியே என்றாலும், பாதியில் நிற்கின்றன. இந்த வாக்குமூலங்கள் எதற்குப் பயன்பட்டன என்பதையும் கயல்விழி எழுத வேண்டும். 1642 மார்ச்சில், கிளர்ச்சி தொடங்கி ஐந்தே மாதங்களில், அயர்லாந்தில் 25 இலட்சம் ஏக்கர் நிலத்தை முன்கூட்டியே ஈடாகக் காட்டி இலண்டன் முதலீட்டாளர்களிடம் போருக்குப் பணம் திரட்ட இலண்டன் நாடாளுமன்றத்தில் சட்டம் இயற்றினார்கள். 1649ல் ட்ரொகெடாவில் சரணடைந்தவர்களையும் கொன்ற ஆங்கிலேய நாடாளுமன்றப் படைத்தலைவர் குரோம்வெல், குற்றமற்றவர்களின் இரத்தத்தில் கைகளை நனைத்தவர்கள் மீது கடவுள் அளித்த நீதியான தீர்ப்பு என்று அதற்குப் பெயர் வைத்தார். ட்ரொகெடாவோ 1641ல் கிளர்ச்சியாளர்களின் முற்றுகையை எதிர்த்து நின்ற ஊர். பெட்டியின் கணக்குப்படி 1641 முதல் 1652 வரை மாண்ட 6 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் 5 இலட்சத்துக்கும் அதிகமானோர் அயர்லாந்துக் கத்தோலிக்கர்கள். கிளர்ச்சிக்கு முன் நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை வைத்திருந்த கத்தோலிக்கர்களிடம் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் எஞ்சியது ஏறத்தாழ 20 விழுக்காடு. இவ்வளவையும் விட்டுவிட்டுப் போர்ட்டடவுன் பாலத்தை மட்டும் பேசினால், ஜான் டெம்பிள் எழுதியதையே நாமும் எழுதியவர்கள் ஆவோம்.

அல்ஸ்டரின் கிழக்குக் கரையிலுள்ள ஐலண்ட்மகீயையும் மறக்கக் கூடாது. 1642 சனவரியில் கேரிக்ஃபெர்கஸ் பக்கத்திலிருந்து வந்த ஸ்காட்டிஷ் படையினரும் குடியேறிகளும் அங்கே கலகத்தில் சேராத கத்தோலிக்கக் குடும்பங்களைக் கொன்றார்கள். அரசுப் படைத்தலைவர் சார்லஸ் கூட் 1641 நவம்பரிலேயே டப்ளினுக்குத் தெற்கே உள்ள விக்லோவில் பொதுமக்களைக் கொன்றுகொண்டு போனார்.


மாறன்:

நெய்தல் சொன்ன ஒவ்வொரு செய்தியும் கட்டுரையில் இடம்பெற வேண்டியதே. ஒன்றில் மட்டும் நான் மாறுபடுகிறேன். ஐலண்ட்மகீயில் 3,000 பேர் கொல்லப்பட்டதாகப் பின்னர் கத்தோலிக்கத் தரப்பில் எழுதினார்கள். அந்தச் சிறிய தீபகற்பத்தில் அவ்வளவு மக்களே இல்லை. அதை 1641 நவம்பருக்கு முன்தேதியிட்டு, முதலில் கொன்றவர்கள் புராட்டஸ்டன்ட்களே என்று வாதிட்டவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் ஒரே வேலையைச் செய்திருக்கின்றன. நிலம் பறித்தவர்கள் டப்ளினிலும் இலண்டனிலும் இருந்தார்கள். பான் ஆற்றில் மூழ்கிய ஐந்து பிள்ளைகள் எவருடைய நிலத்தையும் பறித்தவர்கள் அல்லர். பிந்தைய கொடுமை எவ்வளவு பெரியதாக இருந்தாலும், முந்தைய கொடுமையின் அளவை அது குறைத்துவிடாது.

கேவன் மாவட்டத்தில் நடந்த ஒன்றையும் கயல்விழி பார்க்க வேண்டும். கில்மோர் ஆயர் வில்லியம் பெடல் புராட்டஸ்டன்ட் திருச்சபையைச் சேர்ந்த ஆங்கிலேயர். ஆனால் மக்களின் மொழியை மதித்து, பழைய ஏற்பாட்டை ஐரிஷ் மொழியில் பெயர்க்கும் பணியை நடத்தியவர். கிளர்ச்சி வெடித்ததும் நூற்றுக்கணக்கான அகதிகள் அவர் வீட்டில் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களை வெளியே அனுப்ப மறுத்ததால் சிறைபிடிக்கப்பட்டு, ஏரி நடுவே உள்ள க்ளாக் ஓட்டர் கோட்டையில் சில வாரங்கள் அடைக்கப்பட்டார். 1642 பிப்ரவரி 7 அன்று அவர் இறந்தபோது, கிளர்ச்சிப் படையினரே அணிவகுத்து வந்து, துப்பாக்கி முழக்கி அவரை அடக்கம் செய்தார்கள். வெறுப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை, ஒவ்வோர் ஊரிலும் அங்கே இருந்த படைத்தலைவனும் அயலவரும் யார் என்பதைப் பொறுத்தே அங்குள்ளவர் உயிர் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. மேற்கே மேயோ மாவட்டத்தின் ஷ்ரூலில், பாதுகாப்பு வாக்குறுதி பெற்றுப் புறப்பட்ட புராட்டஸ்டன்ட் கூட்டத்தினர் அதே மாதத்தில் பாலத்தருகே வெட்டப்பட்டார்கள்.


கயல்விழி:

மிக்க நன்றி. ஐலண்ட்மகீ எண்ணைப் பற்றி நான் அறிந்திருக்கவில்லை. கட்டுரையை எங்கிருந்து தொடங்குவது என்று மட்டும் ஒரு சொல் சொல்லுங்கள்.


ஏட்டுச்சுவடி:

அல்ஸ்டர் முழுவதையும் எடுக்காதீர்கள், அர்மாவோடு நின்றுகொள்ளுங்கள். கிளார்க்கின் வாக்குமூலத்தையும் எலிசபெத் பிரைஸின் வாக்குமூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதலில் முழுவதுமாகப் படியுங்கள். இழப்புப் பட்டியலைத் தாண்டிவிடாதீர்கள், அதில்தான் அந்தக் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது இருக்கிறது. அதன் பிறகு 1652 முதல் 1654 வரை குரோம்வெல் ஆட்சியின் நீதிமன்றத்துக்காக எடுக்கப்பட்ட வாக்குமூலங்களில் போர்ட்டடவுன் பற்றி வருபவற்றைப் படியுங்கள். அவை பத்தாண்டுக்குப் பிந்தையவை, குறிப்பிட்ட ஆட்களைத் தூக்கிலிடும் நோக்கத்தோடு கேட்கப்பட்ட கேள்விகளுக்கான விடைகள், ஆகவே வேறு கண்ணோடு படிக்க வேண்டியவை.

கட்டுரையின் கடைசிப் பகுதியில் நினைவைப் பற்றிச் சிறிது எழுதலாம். 1662ல் இயற்றப்பட்ட சட்டப்படி கிளர்ச்சியிலிருந்து தப்பியதன் நினைவாக ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 23 அன்று புராட்டஸ்டன்ட் தேவாலயங்களில் நன்றி வழிபாடும் மறையுரையும் நடந்தன. போர்ட்டடவுன் பாலத்தில் மக்கள் மூழ்கடிக்கப்படும் காட்சி, வட அயர்லாந்தின் புராட்டஸ்டன்ட் சங்கமான ஆரஞ்சு அமைப்பினர் ஊர்வலத்தில் ஏந்தும் பதாகைகளில் இன்றும் தீட்டப்பட்டிருக்கிறது. 2010ல் டிரினிட்டி கல்லூரியில் வாக்குமூலங்கள் இணையத்தில் வெளியிடப்பட்ட விழாவைத் தொடங்கிவைத்தவர் அன்றைய அயர்லாந்துக் குடியரசுத் தலைவர் மேரி மக்அலீஸ். விழாவுக்கு வந்திருந்தவர்களில் இயன் பெய்ஸ்லியும் ஒருவர். முன்னவர் வட அயர்லாந்தில் பிறந்த கத்தோலிக்கர், பின்னவர் அங்குள்ள புராட்டஸ்டன்ட்களின் முன்னணித் தலைவர் என்பதை உங்கள் வாசகர்களுக்கு ஒரு வரியில் விளக்கிவிடுங்கள், இல்லையென்றால் அந்தச் செய்தியின் கனம் அவர்களுக்குப் புரியாது. வரைவு முடிந்ததும் இங்கே பதிவிடுங்கள், அர்மா பகுதியை நான் படித்துப் பார்க்கிறேன்.